கன்சல்டிங்கை விட்டு வி.சி. ஃபண்டுக்குப் போகலாமா? தண்டையார்பேட்டை வாசகிக்குப் பதில்

இந்த வாரக் கடிதம் வட சென்னையில், தண்டையார்பேட்டையில் இருந்து வந்திருக்கிறது. எழுதியவருக்கு வயது 30. அரசுப் பொறியியல் கல்லூரி, அப்புறம் ஒரு ஐ.ஐ.எம்., அதன் பிறகு நான்கரை வருடமாக ஒரு பெரிய மேனேஜ்மென்ட் கன்சல்டிங் நிறுவனம். போனஸ் சேர்த்து ஆண்டுக்கு 34 லட்சம். திங்கள் விடியற்காலை விமானம் ஏறினால் வியாழன் ராத்திரிதான் வீடு. "நான் சொன்ன ஆலோசனையை யாராவது செய்தார்களா, செய்து என்ன ஆனது என்று ஒரு தடவைகூட எனக்குத் தெரிந்ததில்லை" என்கிறார்.

இப்போது ஒரு சின்ன வி.சி. ஃபண்ட், அதாவது துணிகர முதலீட்டு நிதி, அவரை அசோசியேட்டாக, அதாவது பார்ட்னர்களுக்குக் கீழே இளநிலைப் பொறுப்பில், கூப்பிடுகிறது. சம்பளம் 22 லட்சம், கூடவே 2 சதவீதம் கேரி, அதாவது லாபப் பங்கு. ஃபண்டின் இலக்கு 150 கோடி, முதல் குளோஸில், அதாவது பணம் திரட்டும் முதல் சுற்றில், இதுவரை சேர்ந்தது 60 கோடி. 150 கோடி 3 மடங்கானால் லாபம் 300 கோடி, அதில் 2 சதவீதம் 6 கோடி என்று கணக்குப் போட்டிருக்கிறார். "நீங்களும் 25 லட்சம் போட்டால் நன்றாக இருக்கும்" என்று ஃபண்டை நடத்தும் பார்ட்னர்கள் சொன்னார்களாம். அதற்குப் பர்சனல் லோன் எடுக்கலாமா என்பது ஒரு கேள்வி. ஏற்கெனவே வீட்டுக் கடன் தவணை 52,000 ஓடிக்கொண்டிருக்கிறது. வேலையை விட்டு ஓராண்டுக்குள் வாடிக்கையாளர் நிறுவனத்திலோ, அதில் முதலீடு செய்யும் நிறுவனத்திலோ சேரக் கூடாது என்று இப்போதைய ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருக்கிறது, அது இன்னொரு பயம். அப்பா காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு இன்ஜின் பழுது பார்ப்பவர். அவர் கேட்டது: "அடுத்தவன் துட்டுல சூதாடுறதுக்கா இவ்ளோ படிச்ச?" கடிதத்தின் கடைசியில் இப்படி ஒரு வரி: "இந்த வி.சி. உலகத்தில் எனக்கு யாரையும் தெரியாது. எல்லாரும் அடையாறு, பெசன்ட் நகர் ஆட்கள். வீடு எங்கே என்று கேட்டால் சென்ட்ரல் பக்கம் என்று சொல்லிச் சமாளிக்கிறேன்."

சரி, உங்களிடமே பேசுகிறேன். நானும் ஏழு வருடம் கன்சல்டிங்கில் குப்பை கொட்டிவிட்டு ஒரு ஃபண்டில் ஆறு வருடம் இருந்தவன். உங்கள் கடிதத்தைப் பிரிண்ட் எடுத்து முதலில் செய்த காரியம், அந்த 6 கோடியைப் பேனாவால் அடித்ததுதான். நீங்கள் இந்தத் துறைக்குப் பொருந்துவீர்களா என்பதை அப்புறம் பார்ப்போம், பொருந்துவீர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் துறையைப் பற்றி யோசித்த அளவுக்கு இந்தக் குறிப்பிட்ட ஆஃபரைப் பற்றி நீங்கள் யோசிக்கவில்லை.

கேரி: எதில் 2 சதவீதம்?

ஃபண்டில் லாபம் வந்தால் வழக்கமாக 80 சதவீதம் பணம் போட்டவர்களுக்கு, 20 சதவீதம் ஃபண்டை நடத்துபவர்களுக்கு. இந்த 20 சதவீதத்துக்குத்தான் கேரி என்று பெயர். அசோசியேட்டுக்கு "2 சதவீதம் கேரி" என்று சொன்னால் பெரும்பாலும் அந்த 20 சதவீதக் குவியலில் 2 சதவீதம் என்று அர்த்தம், மொத்த லாபத்தில் 2 சதவீதம் என்று இல்லை. உங்கள் கணக்கையே திரும்பப் போடுவோம். லாபம் 300 கோடி, கேரி 60 கோடி, அதில் 2 சதவீதம் 1.2 கோடி. அதுவும் 150 கோடி முழுவதும் சேர்ந்தால். 60 கோடியோடு நின்றுபோனால் லாபம் 120 கோடி, கேரி 24 கோடி, உங்கள் பங்கு 48 லட்சம். அதுவும் 3 மடங்கு ஆனால்தான், அந்த 3 மடங்கு எல்லா ஃபண்டுக்கும் வாய்ப்பதில்லை.

இன்னொரு பக்கம், உங்கள் சம்பளம் ஆண்டுக்கு 12 லட்சம் குறைகிறது. ஃபண்டின் ஆயுள் 8 வருடம் என்று வைத்துக்கொண்டால் 96 லட்சம். 48 லட்சத்துக்காக 96 லட்சத்தை விடுகிறீர்கள். அந்த எட்டு வருடத்தில் கன்சல்டிங்கில் கிடைத்திருக்கக்கூடிய சம்பள உயர்வை நான் சேர்க்கவே இல்லை.

இதைவிட முக்கியமானது ஹர்டில். பணம் போட்டவர்களுக்கு முதலில் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று ஒரு குறைந்தபட்ச வருமானம் போய்ச் சேர வேண்டும், அதன் பிறகுதான் கேரி என்ற பேச்சு. 8 சதவீதம் என்பது பரவலாக இருக்கும் அளவு. முழுப் பணத்தையும் முதல் நாளே போட்டதாக வைத்தால் 8 வருடத்தில் அது ஏறத்தாழ 1.85 மடங்கு ஆகியிருக்க வேண்டும். உங்கள் ஃபண்ட் 1.5 மடங்கு கொடுத்தால் வெளியில் லாபம் என்று சொல்லிக்கொள்ளலாம், உங்கள் கைக்கு வருவது பூஜ்யம்.

இதை அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள், என்னைவிட வேகமாகப் புரிந்துகொள்வார். படகு கரைக்கு வந்ததும் டீசல், ஐஸ் செலவையெல்லாம் கழித்துவிட்டு மீதியில்தானே பங்கு பிரிப்பார்கள்? அதுவரை ஆட்களுக்கு ஓடுவது பேட்டா. உங்கள் 22 லட்சம் பேட்டா, கேரி பங்கு, ஹர்டில் டீசலும் ஐஸும். ஒரே வித்தியாசம், இந்தப் படகு கரை திரும்ப எட்டு, பத்து வருடம் ஆகும், நடுவில் நீங்கள் இறங்கிவிட்டால் பங்கில் எவ்வளவு உங்களுக்கு என்பது வெஸ்டிங் என்ற ஒரு பத்தியில் எழுதியிருக்கும். நான் அந்தப் பத்தியைச் சரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவன். விலகியபோதுதான் தெரிந்தது, தானாக விலகுபவருக்கு அதுவரை வெஸ்ட் ஆன, அதாவது அவருக்கென்று உரிமையாகிவிட்ட பங்குகூடப் போய்விடும் என்று அதில் இருந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது, ஆறு வரிதான், படித்திருக்கலாம்.

சம்பளம் எங்கிருந்து வருகிறது?

நீங்கள் சம்பளம் குறைவதைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். 22 லட்சத்தில் வரி, பி.எஃப். போக மாதம் ஒன்றரை லட்சம் பக்கம் கையில் வரும், 52,000 தவணை கட்டிக் குடும்பம் நடத்த அது போதும். அந்தச் சம்பளம் எத்தனை வருடம் வரும் என்பதுதான் என் கவலை.

ஃபண்டை நடத்தும் செலவு மேலாண்மைக் கட்டணத்தில் இருந்து வருகிறது, வழக்கமாக ஃபண்ட் தொகையில் ஆண்டுக்கு 2 சதவீதம். 60 கோடிக்கு 1.2 கோடி. அதில் இரண்டு பார்ட்னர் சம்பளம், ஆபீஸ் வாடகை, ஆடிட்டர், வக்கீல், பயணம், அப்புறம் உங்கள் 22 லட்சம். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நீங்கள் ஒருவரே. முதலீடு செய்யும் காலம் முதல் நான்கைந்து வருடம்தான், அதன் பிறகு கட்டணம் குறைவதும் உண்டு. அதற்குள் அடுத்த ஃபண்டைத் திரட்ட முடியவில்லை என்றால் முதலில் வெளியே போவது அசோசியேட்தான். ஆகவே இரண்டாவது குளோஸ் எப்போது, யார் எழுத்தில் உறுதி கொடுத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்ன பணத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அந்த 25 லட்சம்

வேண்டாம். இதற்கு நீளமாகப் பதில் எழுத வேண்டிய அவசியமே இல்லை, இருந்தாலும் அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 2012-ம் ஆண்டு மாற்று முதலீட்டு நிதி விதிகளின்படி (வி.சி. ஃபண்டும் இதில் ஒரு வகை) வெளி முதலீட்டாளர் குறைந்தது 1 கோடி போட வேண்டும், ஃபண்டிலோ அதை நிர்வகிக்கும் நிறுவனத்திலோ வேலை செய்பவருக்கு அது 25 லட்சம். இது ஒரு சலுகை, கட்டாயம் எதுவும் இல்லை. 25 லட்சத்தை 12 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்குக் கடன் வாங்கினால் மாதத் தவணை 55,000-க்கு மேல் போகும். வீட்டுத் தவணையோடு சேர்த்தால் ஒரு லட்சத்து ஏழாயிரம், கையில் வருவதோ ஒன்றரை லட்சம். போட்ட பணத்தை நடுவில் எடுக்கவும் முடியாது. "நம்பிக்கை தெரியும்" என்று அவர்கள் சொன்னால் நீங்கள் திருப்பிக் கேட்கலாம்: நீங்கள் எவ்வளவு போட்டிருக்கிறீர்கள்? நடத்துபவர்கள் தரப்பில் ஃபண்ட் தொகையில் 2.5 சதவீதம் அல்லது 5 கோடி, இதில் எது குறைவோ அது இருக்க வேண்டும் என்பது விதி. 60 கோடிக்கு 1.5 கோடி. அதற்கு மேல் போட்டிருந்தால் நல்ல அறிகுறி.

அப்பாவின் கேள்விக்கும் இதில் பாதி பதில் இருக்கிறது. இது ஏலச்சீட்டு மாதிரி ஊர்க்காரர்களிடம் திரட்டிய பணம் கிடையாது, 1 கோடி போட்டு அது மொத்தமும் போனாலும் தாங்கக்கூடியவர்களின் பணம். ஆனால் "சூதாட்டம்" என்பதை முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். இந்தத் தொழிலில் போட்ட பத்தில் பெரும்பாலானவை அசலைக்கூடத் திருப்பித் தராமல் போகும், ஒன்றிரண்டுதான் மொத்தத்தையும் தூக்கி நிறுத்தும். நௌக்ரி என்ற வேலைவாய்ப்புத் தளத்தை நடத்தும் இன்ஃபோ எட்ஜ் 2010-ல் சொமேட்டோவில் முதன்முதலாகப் போட்டது 4.7 கோடிதான். 2021-ல் சொமேட்டோ பங்குச் சந்தைக்கு வந்தபோது இன்ஃபோ எட்ஜின் மற்ற முதலீடுகளில் பெரும்பாலானவை அதன் பக்கத்தில் சின்னதாகத் தெரிந்தன. அதே நிறுவனம் வேறு சில இடங்களில் போட்டதை அப்படியே நஷ்டக் கணக்கில் எழுதவும் செய்திருக்கிறது.

கன்சல்டிங் மனசுக்கு இதுதான் சிரமம். நமக்குப் பழக்கம், தப்பு நடக்காமல் பார்த்துக்கொள்வது. ஸ்லைடில் ஒரு எண் பிசகினால் தூக்கம் வராது. வி.சி.யில் பத்தில் ஏழு தப்பாவதைச் சகித்துக்கொண்டு, "இது எவ்வளவு பெரிதாகலாம்?" என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். நான் முதல் வருடம் எழுதிய குறிப்புகளைப் பார்த்துவிட்டு ஒரு பார்ட்னர் சொன்னார், "ஏன் போடக் கூடாது என்பதற்கு 14 காரணம் எழுதியிருக்கிறீர்கள், எல்லாம் சரி, ஏன் போட வேண்டும் என்பதற்கு ஒன்றுகூட இல்லையே" என்று. எரிச்சலாக இருந்தது. அவர் சொன்னது சரி.

நீங்கள் நினைக்கிற இன்னொரு விஷயத்தையும் திருத்த வேண்டும். "நான் சொன்னது என்ன ஆனது என்று பார்க்க ஆசை" என்கிறீர்கள். பார்க்கலாம், ஆனால் ஏழெட்டு வருடம் கழித்து. அதுவரை உங்கள் முடிவு சரியா தப்பா என்று சொல்ல யாரும் இல்லை. நல்ல நிறுவனம் சீக்கிரம் வளர்வதில்லை, மோசமான நிறுவனம் மட்டும் சீக்கிரம் செத்துப்போகும், ஆகவே முதல் மூன்று வருடம் உங்களுக்குக் கிடைக்கும் செய்தி பெரும்பாலும் சாவுச் செய்திதான். உடனே பலனைப் பார்க்க வேண்டும் என்ற தாகம்தான் உங்களை உந்துகிறது என்றால், ஏதாவது ஒரு ஸ்டார்ட்அப்பில் நிறுவனரின் அலுவலகத்திலோ, செயல்பாட்டுப் பொறுப்பிலோ இரண்டு வருடம் உட்காருவது அதைத் தீர்க்கும். பிறகு வி.சி.க்கு வந்தால் இன்னும் பலத்தோடு வருவீர்கள். எனக்குத் தெரிந்து இந்த வழியில் வந்தவர்கள் யாரும் வருத்தப்பட்டதில்லை.

ஒப்பந்தப் பயம்

வாடிக்கையாளர் பக்கம் ஓராண்டு சேரக் கூடாது என்ற ஷரத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 27-ன்படி, வேலையை விட்ட பிறகு ஒருவர் பிழைப்பைத் தடுக்கும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது. ஆனால் இதைக் கேட்டதும் "அப்போ எந்த ஷரத்தும் செல்லாது" என்று நினைத்துவிடாதீர்கள், பலரும் சறுக்குவது இங்கேதான். நோட்டீஸ் காலம் செல்லும். சேரும்போது கொடுத்த போனஸையோ படிப்புச் செலவையோ திருப்பிக் கேட்கும் ஷரத்து செல்லக்கூடும். ஒரு பொதுத்துறை வங்கி, குறைந்தபட்சக் காலத்துக்கு முன் விலகிய ஊழியரிடம் 2 லட்சம் வாங்கியதை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சரி என்றே சொன்னது. ரகசியக் காப்பு ஷரத்து பொதுவாகச் செல்லும்.

அதனால்தான் கடிதத்தில் போகிற போக்கில் நீங்கள் கேட்ட ஒரு கேள்வி எனக்குப் பெரிதாகப் படுகிறது: "நான் செய்த மூன்று ஆய்வுகளை, பெயரை மறைத்துவிட்டு, பேட்டியில் காட்டலாமா?" காட்டக் கூடாது. பெயரை மறைத்தாலும் துறைக்குள் இருப்பவருக்கு யார் என்று தெரிந்துவிடும். வாடிக்கையாளர் பங்குச் சந்தையில் பட்டியலான நிறுவனம் என்றால் உள்தகவலை வைத்துப் பங்கு வாங்கி விற்பதைத் தடுக்கும் செபியின் உள்வர்த்தக விதிகள்வரை பிரச்சினை போகலாம். இதையெல்லாம்விட, எதிரில் இருக்கும் பார்ட்னர் உங்களைப் பற்றி என்ன நினைப்பார்? நாளைக்கு நம் ஃபண்டின் விஷயத்தையும் இப்படித்தான் எடுத்துப் போய்க் காட்டுவார் என்றுதானே. லேப்டாப்பில் இருந்து ஒரு ஃபைலையும் உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள், ஏற்கெனவே அனுப்பியிருந்தால் ஒரு வேலைச் சட்ட வக்கீலைப் பாருங்கள், நீங்களாக அழித்துக்கொண்டிருக்காதீர்கள்.

"சென்ட்ரல் பக்கம்"

அந்தக் கடைசி வரிதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது.

அசோசியேட்டின் முக்கால்வாசி வேலை ஆள் தேடுவது. நிறுவனர்களைத் தேடிப் போவது, வழக்கமாக நூறு பேரைப் பார்த்து ஒன்றிரண்டு இடத்தில் பணம் போடுவது, மீதிப் பேரிடம் இல்லை என்பதை மரியாதையாகச் சொல்வது. தரமணியில் ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில் ஒரு நாள் உட்கார்ந்தால் ராக்கெட் செய்பவரில் இருந்து பேட்டரி செய்பவர் வரை பார்க்கலாம், ராக்கெட் செய்யும் அக்னிகுல், மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஏதர் எல்லாம் அந்தச் சூழலில் இருந்து வந்தவைதான். அங்கே ஆட்களைத் தெரிந்துகொள்ள ஒரு வருடம் போதும். 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு தண்டையார்பேட்டையில் ஏறினால் கிண்டியில் இறங்கிவிடலாம், தூரம் ஒரு சாக்காக இனி செல்லாது.

ஆனால் உங்களுக்குத் தெரிந்தது அவர்களுக்கு ஒரு வருடத்தில் வராது. மீன் ஏலத்தை ஆப்பில் கொண்டுவருகிறேன், இடைத்தரகரை நீக்குகிறேன், படகுக்காரருக்கு நல்ல விலை கிடைக்கும் என்று ஒருவர் அழகான ஸ்லைடோடு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற அசோசியேட் சந்தை அளவைக் கணக்குப் போடுவார். நீங்கள் கேட்கும் கேள்வி வேறு: படகுக்காரர் இன்ஜினுக்கும் வலைக்கும் ஏற்கெனவே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறாரே, பிடித்த மீனை அவரிடம்தானே போட வேண்டும், அந்தக் கடனை உங்கள் ஆப் அடைக்குமா? ஏப்ரல் 15-ல் இருந்து 61 நாள் தடைக்காலத்தில் படகு கரையில் நிற்கும்போது வீட்டுச் செலவுக்கு யார் கொடுப்பார்கள், அந்த வியாபாரிதானே? அப்படியென்றால் நீங்கள் நீக்கப்போவது இடைத்தரகரையா, அவருக்கு இருக்கும் ஒரே வங்கியையா? இந்த ஒரு கேள்வியில் அந்த ஸ்லைடு தாங்குமா தாங்காதா என்று தெரிந்துவிடும். அதற்குப் பதில் வைத்திருக்கிற நிறுவனர் கிடைத்தால் விடாதீர்கள். துறைமுகத்துக்கு வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரி, மணலி ஆலைகளின் கழிவு, இவற்றைப் பற்றியும் உங்கள் தெருவில் உள்ளவர்களுக்குத் தெரிந்ததைச் சரக்குப் போக்குவரத்து ஸ்டார்ட்அப்காரர்கள் காசு கொடுத்து ஆய்வு செய்கிறார்கள், ஒருவேளை உங்கள் நிறுவனமேகூடச் செய்து கொடுத்திருக்கும்.

பேட்டிக்கு வாடிக்கையாளர் ஸ்லைடு வேண்டாம் என்றேன் அல்லவா, அதற்குப் பதிலாக இதை எடுத்துப் போங்கள். நீங்களே தேர்ந்தெடுத்த மூன்று சின்ன நிறுவனங்களைப் பற்றித் தலா இரண்டு பக்கம், போட வேண்டும் என்று ஒன்றுக்காவது சொல்லுங்கள், எது நடந்தால் உங்கள் முடிவு தப்பு என்பதையும் எழுதுங்கள். அதில் ஒன்று காசிமேட்டைப் பற்றி இருக்கட்டும். தகவலுக்கு அப்பாவையும் அவர் நண்பர்களையும் பேட்டி எடுங்கள். சி.எஃப்.ஏ. என்ற முதலீட்டு ஆய்வுத் தேர்வை எழுதட்டுமா என்று கேட்டிருந்தீர்கள், இந்த வேலைக்கு அது அவசியமில்லை. செபி நிறுவிய பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் மாற்று முதலீட்டு நிதி மேலாளர் தேர்வை எழுதி வைக்கலாம், ஃபண்டின் முக்கியக் குழுவில் ஒருவராவது அதில் தேறியிருக்க வேண்டும் என்று செபி 2024-ல் கொண்டுவந்தது. சின்ன ஃபண்டில் பேரம் பேச உங்களுக்கு அது ஒரு சின்னப் பிடி.

ஆஃபருக்கு என்ன பதில் சொல்வது?

மறுக்கவும் வேண்டாம், இப்போதே கையெழுத்துப் போடவும் வேண்டாம். பார்ட்னர்களிடம் மெயிலில், மரியாதையாக, இந்த நாலையும் கேளுங்கள்: ஒன்று, 2 சதவீதம் எதில், எந்தக் கால அட்டவணையில் வெஸ்ட் ஆகிறது, தானாக விலகினால் என்ன ஆகும்; இரண்டு, இரண்டாவது குளோஸுக்கு எழுத்தில் உள்ள தொகை எவ்வளவு; மூன்று, முதலீட்டுக் குழுக் கூட்டத்தில் நான் உட்காருவேனா, நான் கொண்டுவந்த நிறுவனத்துக்கு என் பெயர் இருக்குமா; நான்கு, எனக்கு முன் இந்த வேலையில் இருந்தவர் எங்கே போனார், அவரோடு பேசலாமா. கடைசிக் கேள்விக்கு முகம் சுளித்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவர்கள் ஏற்கெனவே பணம் போட்ட நிறுவனர்களில் இரண்டு பேரிடம் நீங்களாகவே பேசுங்கள், "கஷ்ட காலத்தில் இவர்கள் போன் எடுத்தார்களா?" என்று மட்டும் கேளுங்கள்.

நாலுக்கும் ஒழுங்கான பதில் வந்தால், கேரியைப் பூஜ்யம் என்று வைத்துக் கணக்குப் போட்டு, 22 லட்சத்துக்கு இந்த வேலையை மூன்று வருடம் செய்ய மனம் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கிறது என்றால் போங்கள், நானாக இருந்தால் 24-க்குப் பேசிப் பார்த்துவிட்டுப் போவேன். கையில் எட்டு மாதத் தவணையாவது, அதாவது நாலு லட்சத்துக்குக் குறையாமல், தனியாக இருக்கட்டும். இந்த வருட போனஸ் கணக்கில் ஏறிய பிறகு ராஜினாமா கொடுங்கள், 90 நாள் நோட்டீஸ் என்றால் 90 நாளும் முழுதாக வேலை செய்துவிட்டு வெளியே வாருங்கள், அந்த மேலாளர்கள்தான் நாளைக்கு நீங்கள் பணம் போட்ட நிறுவனத்துக்கு வாடிக்கையாளரை அறிமுகப்படுத்தப் போகிறவர்கள்.

கேரி பற்றிய அந்தப் பத்தி கைக்கு வந்ததும், பெயர்களை அடித்துவிட்டு எனக்கு அனுப்புங்கள், கையெழுத்துக்கு முன் ஒரு தடவை சேர்ந்து படிப்போம். அதன் தமிழ் அர்த்தத்தை அன்று ராத்திரியே அப்பாவுக்கும் சொல்லிவிடுங்கள், பங்கு பிரிக்கும் கணக்கில் எங்கே ஓட்டை இருக்கும் என்று அவருக்கு நம் இரண்டு பேரையும்விட நன்றாகத் தெரியும்.